சீசனின் கடைசிப் படகு

"உச்சியில போய் நில்லு சுகந்தி, போட்ல இருந்து போட்டோ எடுக்கிறேன்" என்று ஜெயவேல் சொன்னதால்தான் அவள் மறுபடி பாறை ஏறினாள். மழைக்காலத்துக்கு முன் அந்த ஆளில்லாத் தீவுக்கு வந்த கடைசிப் படகு அது. கீழே படகின் கூரைக்கடியில் கைடு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கடல்காற்று பேச்சையெல்லாம் மேலே கொண்டுவந்தது.

"சுகந்தி மேடம்?"

படகின் பின்பக்கம், கூரைக்கு வெளியே தனியாக நின்ற அவள் கணவன் ஜெயவேலின் கை உயர்ந்தது. "கீழ் கேபின்ல படுத்திருக்காண்ணே. தலைசுத்தல்."

விளையாடுகிறான் என்று சிரித்தாள். படகு நகர்ந்தது. அவள் கத்தியதை எதிர்க்காற்று அவளிடமே திருப்பித் தள்ளியது.

ஜெயவேல் நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தான். கூரைக்குள்ளிருந்து கைடு கடலைமிட்டாய்த் தட்டை நீட்டினார்.

"மேடத்துக்கும் சேர்த்து எடுத்துக்குங்க சார்."

பார்வையை எடுக்காமலே அவன் இரண்டாக எடுத்துக்கொண்டான்.