பின்னால் வந்த டிப்பர்

"மக்டலின், பின்னால வாறது உன்ர மனுசன்தானே?"

நஸ்ரியா கேட்டபோது மக்டலின் திரும்பிப் பார்க்கவில்லை. டிப்பரின் சத்தமே அவளுக்குப் போதும்.

குச்சவெளிக் கரையை அகழும் மண் கம்பனிக்கு எதிராக ஊர்ச்சனம் கொழும்புக்கு நடக்கிறது. கண்டல் காடும் ஆமை முட்டையிடும் கரையும் மிஞ்சவேண்டும், அதுதான் கோரிக்கை. நிலாவெளியில் இருந்து அதே கம்பனியின் டிப்பர் லொறி ஒன்று, நிறையக் கருமண்ணோடு, அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"வெருட்டப் பாக்கிறாங்கள்" என்றான் நடையை ஒழுங்கு செய்த இன்பாஸ். "அக்கா, நீங்கள் எங்களோட நடக்கிறீங்கள். உங்கட அவர் கம்பனிக்காக எங்களைத் துரத்துறார். இதென்ன கதை?"

மக்டலின் நடையை எட்டிப் போட்டாள்.

அவள் கணவன் அஞ்சலோ முன்பு கடலுக்குப் போனவன். கம்பனி கரைக்கு வேலி போட்டது. படகு இழுக்க இடமில்லாமல் போனது. பிறகு அதே கம்பனி வேலை தருகிறோம் என்றது. அவன் போனான்.

"எங்கட கரையை அள்ளுற கையால எனக்குச் சோறு வேண்டாம்" என்று மக்டலின் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தக் கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. திரும்பிப் போகத்தான் வழி தெரியவில்லை. அக்காவின் குசினியில் மீன் கறி இறக்கும்போது, தலைத்துண்டை அவனுக்கென்று எடுத்து வைத்துவிடுவாள். பிறகுதான் நினைவு வரும்.

நடை தொடங்குவதற்கு முந்தின நாள் அவளே அவனுக்கு ஃபோன் எடுத்தாள்.

"நீங்களும் வாங்கோவன். ரெண்டு பேருமா நடப்பம்."



"ஏலாது மக்டலின். வேலை போயிடும்."

வைத்துவிட்டான்.

இப்போது வந்திருக்கிறான். இப்படி.

இன்பாஸ் பொறுக்கமாட்டாமல் டிப்பரடிக்குப் போனான். "அண்ணன், வெக்கமில்லையோ? கட்டின மனுசியையே வெருட்டுறீங்களோ?"

"நீங்கள் நடவுங்கோ தம்பி" என்றான் அஞ்சலோ. அவ்வளவுதான்.

"நக்கலைப் பாத்தியோ?" நஸ்ரியா மக்டலினின் கையைப் பிடித்தாள். "இந்த மனுசனை நினைச்சோ நீ உருகுறாய்? விட்டுத் தள்ளு!"

மக்டலின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்று நஸ்ரியா நினைத்திருப்பாள்.

சாம்பல்தீவு கடந்தது. டிப்பர் விடவில்லை. நடந்தால் அதுவும் நகர்ந்தது. தண்ணீர் குடிக்க நின்றால் அதுவும் நின்றது. பின்னால் வந்த பஸ்களின் ஹோர்ன் சத்தம் காதைக் கிழித்தது.

நகரத்துச் சந்தி வந்தது. நடக்கிறவர்கள் கொழும்புக்குப் போகும் கந்தளாய் வீதிக்குத் திரும்பினார்கள். டிப்பர் துறைமுகப் பக்கம் திரும்பியது. திரும்பும்போது மெல்ல ஒரு ஹோர்ன் அடித்தது.

கொழும்பு போய் வரும்வரை இனி அவனைக் காணக் கிடைக்காது. அப்படியும் மக்டலின் திரும்பவில்லை.

டிப்பருக்குப் பின்னால் வந்த பஸ், கூட்டத்துக்குப் பக்கத்தில் நின்றது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்றபடி பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா! ஒருமாதிரி விட்டிட்டான்."

"ஆர் தம்பி?" என்றாள் நஸ்ரியா.

"அந்த டிப்பர்க்கார அண்ணன்தான். வழி நெடுக ஒரு பஸ்ஸையும் முந்த விடேல்லை. ஒவ்வொண்டையும் மறிச்சு, 'வீதி ஒடுக்கம், முன்னுக்கு என்ர மனுசி நடந்து போறா, மெல்லமாப் போங்கோ' எண்டு கெஞ்சுறான். உங்களுக்குள்ள ஆர் அந்த மனுசி?"

மக்டலின் அப்போதுதான் துறைமுக வீதியைத் திரும்பிப் பார்த்தாள். டிப்பர் போய்விட்டிருந்தது.

"நான்தான்" என்றாள்.