குமார் கையில் கயிறு

"அந்தக் கயித்தை எங்கிட்டக் குடுத்தா என்னா, தேஞ்சா போயிடும்?" என்றான் இனிகோ.

ஷைனி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கணுக்கால் தண்ணீரில் நின்று முகக்கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்? அந்தப் பாறை நெழல்ல போயி உக்காருங்க. குமாரு, பாத்துக்கப்பா."

"நீங்க போங்க மேடம். நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்கிறானாம்! இனிகோ பல்லைக் கடித்துக்கொண்டு நிழலுக்குப் போனான். மனைவி சொன்னதைக் கேட்டு எட்டு வருடப் பழக்கம். கால் தானாக நடந்தது.

மாரண்டஹள்ளியிலிருந்து பைக்கில் அரை மணி நேரம். குன்றின் அடியைக் குடைந்து, யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் வெடிமருந்து வைக்கக் கட்டிய கிடங்கு அது. பட்டாளம் காலி செய்த பிறகு ஊற்றுத் தண்ணீர் குடிவந்துவிட்டது. இப்போது வாசல் படிவரை தண்ணீர். உள்ளே எத்தனை அறை, எவ்வளவு ஆழம் என்று அளந்து படம் போட்டுத் தரும் வேலையைப் பெங்களூர்க் கம்பெனி ஒன்று எடுத்திருந்தது. முங்கி அளப்பவர்கள் ஷைனியும் அவள் கூட்டாளி மணிமேகலையும். கரையில் கயிற்றோடு இருப்பவன் குமார். தக்காளி மண்டிக்கு லீவு போட்டுவிட்டு டிபன் கேரியரோடு நிற்பவன் இனிகோ.

இரண்டு பெண்களும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருட்டு வாசலுக்குள் முங்கினார்கள். நாலு குமிழி வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

இனிகோவின் அப்பா கிணறு தூர் வாரும் கூட்டத்தில் இருந்தவர். கிணற்றுக்குள் இறங்குகிறவன் தன் இடுப்புக் கயிற்றை மேலே கண்டவன் கையில் கொடுக்கமாட்டான். உடன்பிறந்தவன் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பெண்டாட்டியின் தம்பி. கயிற்றைக் கொடுப்பது உயிரைக் கொடுப்பது. அப்படிப்பட்ட கயிற்றைத்தான் ஷைனி, தாலி கட்டியவன் குத்துக்கல் மாதிரி பக்கத்தில் இருக்க, பாலக்கோட்டுக் கபடி டீமில் ஆடிய ஒருத்தனிடம் கொடுத்திருந்தாள்.

அந்தக் குமாருக்குப் புஜம் வேறு, சட்டைக் கையைக் கிழித்துவிடும் போல இருந்தது. போன வாரம் இனிகோவும் யாருக்கும் தெரியாமல் தண்டால் எடுத்துப் பார்த்தான். ஏழாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தக்காளிக் கூடை தூக்கியதால் வந்த வலி என்று சொல்லி, ஷைனி கையாலேயே தைலம் தேய்த்துக்கொண்டான்.

"மேடம் மூணாவது ரூமுக்குப் போயிட்டாங்கண்ணா" என்றான் குமார், கயிற்றில் ஒரு விரலை வைத்துக்கொண்டு.

"உனக்கு எப்பிடிடா தெரியும்?"

"கயிறு ஆடுற தினுசுலயே தெரிஞ்சிடும். நல்லா இருக்காங்க, கவலப்படாதீங்க."

எட்டு வருடமாக வாயைத் திறந்து பேசுகிறாள். பாதி நாள் என்ன சொல்கிறாள் என்று இனிகோவுக்கு விளங்கியதில்லை. இவனுக்கு மட்டும் கயிற்றிலேயே பேசுகிறாள்!

"கொஞ்ச நேரம் நான் புடிக்கறனே?"

"மேடம் திட்டுவாங்கண்ணா."

இனிகோ எழுந்து தண்ணீர்ப் பக்கம் இரண்டு அடி வைத்தான். குமாரும் எழுந்து குறுக்கே வந்து நின்றான். இனிகோ உட்கார்ந்தான். குமாரும் உட்கார்ந்தான், தோள் உரச. பஸ்ஸில்கூட யாரும் இவ்வளவு நெருக்கி உட்காரமாட்டார்கள்.

"சாப்பிட்டீங்களாண்ணா?"

"என் வூட்டுச் சோத்தப் பத்தி உனக்கு என்னடா?"

நாற்பது நிமிடத்தில் வந்துவிடுவதாக ஷைனி சொல்லியிருந்தாள். நாற்பது ஆயிற்று. நாற்பத்திரண்டு. இருட்டு வாசலில் தண்ணீர் அசையவே இல்லை.

"கயிறு என்னடா சொல்லுது?"

"நல்லா... நல்லாத்தாண்ணா இருக்காங்க." குமாரின் குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை.

நாற்பத்தைந்து.

இனிகோவுக்குப் பொறாமை, கோபம், இடுப்பு வலி எல்லாம் ஒரே நொடியில் மறந்துபோயின. "மாதாவே!" என்று கத்திக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடினான். கடைசிப் படியில் கால் வைப்பதற்குள், பின்னாலிருந்து இரண்டு கைகள் இடுப்பை வளைத்துப் பிடித்தன. இருவரும் சேற்றில் உருண்டார்கள். குமார் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான். கயிறு கேட்பாரற்றுப் படியில் கிடந்தது.

"கயித்த விட்டுட்டியேடா, பாவி! அது என் பொண்டாட்டி உசுருடா!"

"திமிறாதீங்கண்ணா!"

"விடுடா என்னைய!"

வாசலில் தண்ணீர் கொப்பளித்தது. முதலில் மணிமேகலையின் தலை, பின்னாலேயே ஷைனியின் தலை. ஷைனி வாயிலிருந்த காற்றுக் குழாயைப் பிடுங்கிவிட்டு, மூச்சுகூட வாங்காமல் கரையைப் பார்த்துக் கேட்டாள்:

"புடிச்சிட்டியா குமாரு?"

"புடிச்சிட்டேன் மேடம்!" என்ற குமார், பிடியைத் தளர்த்தாமலே இனிகோவின் காதருகில் மூச்சிரைக்கச் சொன்னான்:

"கயித்த மொத நாளே தண்ணிக்குள்ள இரும்பு வளையத்துல கட்டியாச்சுங்கண்ணா, என் கையில இருந்தது வெறும் மிச்சக் கயிறு, அது ஆடுதுன்னு சொன்னதெல்லாம் சும்மா. 'எங்க வூட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது, நான் கொஞ்சம் லேட்டானாலும் குதிச்சிடுவாரு, அவர மட்டும் விட்டுடாதே'ன்னு சொல்லித்தான் மேடம் என்னைய வேலைக்கே வெச்சாங்க!"