நிரம்பிய கணக்கு

"கப்பல் எங்கன நிக்குன்னு காட்டுத நம்ம ஆப்புல, ஒரு கஸ்டமர் கணக்கு மட்டும் ஓடாம நின்னுட்டு, அண்ணாச்சி" என்றாள் இசக்கிச்செல்வி.

துறைமுகச் சாலையிலிருந்த அந்தச் சின்ன அலுவலகத்தின் முதலாளி வன்னியபெருமாள் எழுந்து வந்தார். "எதுக்கு?"

"ஒவ்வொரு தடவை பாக்கிறதும் அவங்க ரெக்கார்டுக்குள்ளயே போய் விழுது. கிளவுடுல ஒரு ரெக்கார்டு இம்புட்டுத்தான் தாங்கும். நெறைஞ்சிட்டு."

அவர் திரையைப் பார்த்தார். "ராவும் பகலுமா பாத்ததெல்லாம் ஒரே கப்பலா? இது மனுசன் இல்ல புள்ள, ஏதோ மெஷினு. பிளாக் பண்ணிரு."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் அவசரமாக. "ஒவ்வொண்ணையும் தனி ரெக்கார்டா போட்டு, அதுல அவங்க நம்பரை மட்டும் எழுதிருவோம். எத்தனை வந்தாலும் தாங்கும்."

"ஒரு ஆளுக்காவ எல்லாத்தையும் மாத்தணுமாக்கும்? இரு, கேட்டிருவோம்."

திரையில் அந்தக் கணக்குக்கு நேரே தெரிந்த ஃபோன் எண்ணை அலுவலக ஃபோனில் அழுத்தினார்.

இசக்கிச்செல்வியின் கைப்பைக்குள் மணி அடித்தது.

அவள் எடுக்கவில்லை. அவர் ரிசீவரை மெல்ல வைத்தார்.

"உம் மாப்பிள்ளை வேலை பாக்குத கப்பல் இப்ப எங்கன நிக்கு?"

ஆப்பைத் திறக்காமலேயே சொன்னாள்.

"கொழும்பைத் தாண்டிட்டு, அண்ணாச்சி. இங்கன வராதாம்."