மாடிக்குப் போகும் மாப்பிள்ளை

யாசருக்கும் ரைஹானத்துக்கும் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. திருநெல்வேலி டவுணில் ஜவுளிக்கடை வைத்திருந்த யாசர், காலையும் ராத்திரியும் தனியாக மொட்டை மாடிக்குப் போவான். இறங்கி வந்ததும் வாயை நன்றாகக் கொப்பளிப்பான்.

ஒரு நாள் அவள் நேராகவே கேட்டுவிட்டாள். "மச்சான், சிகரெட் குடிக்கியளா?"

யாசர் கொஞ்சம் யோசித்தான். "ஆமா புள்ள. பைய விட்டுருதேன்."

அவள் அழுதாள். "இந்த நெஞ்ச வச்சுக்கிட்டு இது தேவையா?"

ஒரு சிகரெட்டுக்கு இவ்வளவு அழுகையா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏற்கெனவே அவள் ஒரு மாதிரியான சுத்தக்காரி. தலையணை உறையை வாராவாரம் வெந்நீரில் துவைப்பாள். வீட்டில் சாம்பிராணி போட விடமாட்டாள்.

மறுநாள் காலை அவள் சத்தமில்லாமல் பின்னாலேயே மாடியேறினாள். யாசரின் வாயில் இருந்தது இன்ஹேலர்.

பிடிபட்டவன் தலையைக் குனிந்தான். "எனக்கு ஆஸ்துமா. டாக்டர் தெனமும் ரெண்டு நேரம் இழுக்கச் சொல்லியிருக்காரு. சிகரெட்டுன்னா கோவம்தான் படுவே, ஆஸ்துமான்னா பயந்துருவியேன்னு பொய் சொல்லிட்டேன்."

ரைஹானத் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"ஆஸ்துமா இருக்குன்னு பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே மாமி சொல்லிட்டாவ. நீங்க கூச்சப்படுவியன்னுதான் நான் கேக்கல. மருந்த விட்டுட்டு சிகரெட்ட இழுக்கியளேன்னு நெனச்சுத்தான் அழுதேன்."