கட்டிலடியில் ஒரு மருந்துப் பை

அயல்நாட்டு நெடுஞ்சாலையோரத்தில், சக்கரம் பஞ்சரான வாடகைக் கார் ஒருபுறம் சாய்ந்து நிற்கிறது. பழுது பார்ப்பவரை இன்னும் காணோம். தேனிலவுக்கு வந்த புது மனைவி பின்னிருக்கையில் காய்ச்சலில் அனலாய்க் கொதிக்கிறாள். மாலை வெயில் அவளது வளையல்களில் நடுங்குகிறது. அவள் நெற்றியில் ஈரக் கைக்குட்டையை இடும் கணவனின் பார்வை, முன்னிருக்கையிலுள்ள கேமரா ஸ்டாண்டைத் தொட்டு விலகுகிறது. அதற்கு இடம் வேண்டித்தான், அவள் அம்மா கட்டித் தந்த மருந்துப் பையைப் பெட்டியிலிருந்து எடுத்து, வீட்டுக் கட்டிலடியில் தள்ளிவிட்டு வந்தான். “மருந்துப் பை... வந்து... வீட்லயே...” என்று மென்று விழுங்குகிறான். “தெரியுங்க. நீங்க எடுக்கறப்ப பாத்துட்டுத்தான் இருந்தேன். இப்ப அந்த ஸ்டாண்டையே கஷாயம் வெச்சுக் குடுங்க.” “அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?” “புதுசா வந்தவ... எப்படிங்க சொல்றது?” லாரியொன்று கடந்துபோக, கார் அதிர்ந்து அடங்குகிறது. அவன் கைக்குட்டையை மறுபுறம் திருப்பிப் போடுகிறான். அந்தப் பக்கமும் சுடுகிறது.