ஞாயிற்றுக்கிழமைப் படகு

"ரேடியோவுக்கும் படகு இருக்குற இடத்தைக் காட்டவும் ஒரே ஆன்டெனா போதும்னு கடைக்காரர் சொல்றார், மாமா," என்றாள் சிட்னியிலிருந்து போனில் மருமகள் ஷோபனா.

நன்னிலத்தில் பக்கிரி பதறினார். "வேணாம்மா. இடத்தைக் காட்டுறதுக்குத் தனியா, நல்ல உசரமா ஒண்ணு மாட்டு. போன ஞாயிறு செல்போன்ல படகுப் புள்ளி மறைஞ்சதும் உங்க அத்தை சோத்துல கையே வைக்கல."

அடுத்த ஞாயிறு புள்ளி கடலில் தெளிவாக நகர்ந்தது. பக்கிரியின் மனைவி சாவித்திரி போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம்மேல கோவம், எம்புள்ள பேசாட்டி போறான். படகு ஓட்டிக்கிட்டு நல்லாருக்கானே, அது போதும்."

பக்கிரி தலையாட்டினார். படகை வாராவாரம் ஓட்டுவது ஷோபனா என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். உரம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், மகனின் அஸ்தியை மயிலாடுதுறைக் காவிரியில் கரைத்தவர் அவர். திரும்பும்போது மறக்காமல் ஒரு மூட்டை யூரியாவும் வாங்கி வந்தார்.