மீட்டர் பெட்டியில் ஓர் இடம்

ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தோடுதான் சிட்டுக்குருவி செங்கமலம் அந்த மீட்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அந்தத் தெருவில் கட்டுப்படியாகிற வாடகைக்கு இருந்தது அது ஒன்றுதான். உள்ளே பஞ்சுப் பொதிக்குள் நுழைந்தாற்போல் கதகதப்பாக இருந்தது. கம்பிகள் தாலாட்டுப் போல முனகின. வயிற்றில் முட்டைகள் கனத்தன.

வீட்டுக்காரப் பல்லி கண்ணைத் திறக்காமலே கேட்டது. "எத்தனை பேரும்மா?"

"நானும் அவரும்தாங்க."

"பிள்ளைங்க?"

"இன்னும் இல்லீங்க."

"நல்லது. பிள்ளைச் சத்தம் எனக்கு ஆகாது. போன குடித்தனத்தைக் குஞ்சு குளுவானோட காலி பண்ண வெச்சேன். சைவம்தானே?" பல்லியின் வாயோரத்தில் ஓர் ஈசல் இறகு ஒட்டியிருந்தது.

"சைவந்தாங்க" என்றாள், காலையில் தின்ற புழுவை நினைக்காமல்.

"அப்ப வாடகை தினம் நாலு கொசு. உனக்கில்ல, எனக்கு."

அன்றைக்கே வைக்கோல் வந்தது. பின்னாலேயே முட்டைகளும் வந்தன. அவற்றின்மேல் உட்கார்ந்ததும் செங்கமலத்துக்குக் கண் சொருகியது. ஆனாலும் தூங்கவில்லை. முட்டை ஓட்டில் அலகை ஒட்டவைத்து, குருவிப் பேச்சில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், "இச்... இச்... இச்..." என்று பல்லிப் பேச்சையே பிள்ளைகளுக்கு மெல்லச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.